மூன்று உறை மண்

பிரிக்பீல்ட்ஸ்
3 நவம்பர் 2023

அன்புள்ள நாகையா,

“இது செடியோட முடிவா, தொடக்கமா, டீச்சர்?”

2016-இல் கிள்ளான் பள்ளியின் ஆய்வகத்தில், சன்னலோரத்து எனாமல் தட்டைக் காட்டி, ஆய்வக உதவியாளராக இருந்த நீங்கள் கேட்டது. தட்டில் மண்ணும், மண்மேல் பச்சைக் கம்பளிபோல் ஒரு படலமும் இருந்தன. முப்பத்து மூன்று ஆண்டு உயிரியல் நடத்திய நான் பதில் சொல்லாமல் விட்ட கேள்விகள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று. ஏழு ஆண்டு தாமதமாகச் சொல்கிறேன்: இரண்டும்தான்.

உங்கள் எண்ணுக்கு நான்கு முறை அழைத்தேன். நீங்கள் எடுக்கவில்லை. அதனால் கடிதம்.

ஷாமினியை நினைவிருக்கும். ஐந்தாம் படிவத்தில் தவளையை அறுக்க மாட்டேன் என்று அழுத பெண். இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில், காய்ந்த செடிகளைப் பெயர் எழுதிப் பாதுகாக்கும் காப்பகத்தில் வேலை செய்கிறாள். தீபாவளிக்கு முன்னதாகவே முறுக்கோடு வந்தவள், என் பழைய கோப்புகளைப் புரட்டும்போது நீங்கள் பென்சிலில் வரைந்த படத்தைக் கண்டாள். நாலைந்து இலை, நடுவில் காம்பே இல்லாத ஓர் உருண்டை. கீழே உங்கள் எழுத்தில் “காப்பார், பாரிட் ஓரம், உயரம் ஒன்றரை மில்லிமீட்டர்.” செம்பனைத் தோட்டத்து வாய்க்கால் ஓரத்தில் குந்திக்கொண்டு இவ்வளவு சிறியதை ஒருவர் எப்படிப் பார்த்தார் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அவள் சந்தேகிப்பது எஃபிமெரேசியே என்ற குடும்பத்தை; பூக்காத குட்டிச் செடிகளான மாஸ் வகையில் ஒன்று. உங்களுக்கு விளக்கிச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி. சாதாரண மாஸ் செடியின் வித்து மண்ணில் விழுந்தால் முதலில் பச்சை நூலாகப் படரும். நூலில் மொட்டு வைக்கும், மொட்டு செடியாகும். செடி வந்தபின் நூல் பெரும்பாலும் மறைந்துவிடும். இங்கே எங்கள் சன்னலுக்கு எதிரே ஒரு காண்டோ அடுக்குமாடி எழுகிறது; வேலை முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள் அல்லவா, அதுபோல. இந்தக் குடும்பம் சாரத்தைப் பிரிப்பதில்லை. கடைசிவரை சாரம்தான் பெரிது. அதில் எழும் வீடு, காவலாளி அறை அளவு. உணவு செய்வதில் பெரும்பங்கு அந்தப் பச்சை நூலுடையது. சில வாரங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

படம் மட்டும் போதாதாம். செடி வேண்டும், காயோடு வேண்டும், எடுத்தவர் பெயரும் இடமும் நாளும் வேண்டும். உங்களிடம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

அன்று ஆய்வக மேற்பார்வைக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்ற அவசரத்தில் தட்டு கழுவப்பட்டது. அதில் சில தவறான புரிதல்கள் இருந்தன. அதை இருவருமே மறந்துவிடலாம் என்று நம்புகிறேன்.

அன்புடன்
அமுதவள்ளி

*

காப்பார்
19.11.2023

டீச்சருக்கு,

போன் எடுக்காதது உண்மைதான். போன்ல பேசுனா நீங்க மட்டும்தான் பேசுவீங்க. காயிதத்துல நானும் பேசலாம்.

“தட்டு கழுவப்பட்டது.” அப்படித்தான் எழுதிருக்கீங்க. தானா எந்திரிச்சுப் போயி குழாயடியில குளிச்சிட்டு வந்துச்சு போல.

“தவறான புரிதல்.” யாருக்கு? எனக்கு எல்லாம் நல்லாத்தான் புரிஞ்சிச்சு. திங்கக்கிழமை மீட்டிங்ல பெரிய டீச்சர் அந்தத் தட்டு என்னன்னு மலாய்ல கேட்டாங்க. நீங்க “அல்கா சாஜா”ன்னீங்க. வெறும் பாசிதான்னு. நாப்பது பேரு சிரிச்சாங்க. நான் பின்னாடி கோப்பி டிரே தூக்கிட்டு நிக்கிறேன். மறுநாள் காலையில தட்டு பளபளன்னு கவுத்தி வச்சிருக்கு, ப்ளீச் வாசம் அடிக்குது. அந்த எடத்தை மூணு வருசமா பாத்துப் பாத்து நான் எடுத்த மண்ணு அது. அதுக்கப்புறம் நான் ஸ்கூல்ல இருந்த ரெண்டு வருசமும் என் பேரு என்சிக் அல்கா, மிஸ்டர் பாசி.

நம்ம டிசிப்ளின் மாஸ்டர் குகன் இருக்காரே, ரிட்டயராயி எங்க தாமான் குடியிருப்புலதான் வீடு வாங்கிருக்காரு. காலையில கோப்பிக் கடையில என்னைப் பாத்ததும், “அல்கா, உக்காரு லா.” என் மருமகனுக்கே என் பேரு அதுன்னு நெனைப்பு.

நீங்க சொன்ன இடம் இப்ப இல்ல. பாரிட்டை மூடி சிமெண்ட் போட்டாச்சு. போர்ட்டுக்குப் போற லோரியெல்லாம் அங்கதான் நிக்குது. போயிப் பாத்தேன்.

ஆனா மண்ணு இருக்கு. தட்டுல போட்டது போக மிச்சத்தைக் காய வச்சு, பரீட்சைத்தாள் அனுப்புற பழுப்பு உறையில, மூணு உறை. அலமாரியில என் பிறப்புப் பத்திரத்தோட இருக்கு. ஒண்ணாம் நம்பர் உறையை இதோட அனுப்புறேன். ஷாமினி பொண்ணு கேட்டதுக்காக. அது அழுதப்ப அந்தத் தவளையை நான்தான் தூக்கிட்டுப் போயி மரத்தடியில பொதைச்சேன்.

இப்படிக்கு
என்சிக் அல்கா

*

பிரிக்பீல்ட்ஸ்
9 ஜனவரி 2024

அன்புள்ள நாகையா,

உங்கள் கையொப்பத்தை நான் பார்த்தேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

முதலில் கணக்குச் சொல்ல வேண்டும். மாணவர்களிடம் கேட்ட ஆய்வுக் குறிப்பை நானும் கொடுக்க வேண்டும் அல்லவா. நவம்பர் 25 அன்று மண்ணைக் கண்ணாடிக் கிண்ணத்தில் பரப்பினேன். குழாய்த் தண்ணீர் வேண்டாம் என்று மாடியில் மழைநீர் பிடித்தேன். மேலே கண்ணாடித் தட்டு. ஒன்பதாம் நாள் கைலென்ஸில் ஒரு பச்சைப் புள்ளி. பதினைந்தாம் நாள் உங்கள் கம்பளி. ஏழு ஆண்டு உறைக்குள் கிடந்த மண், நாகையா.

இதற்குக் காரணம் உண்டு. மற்ற பல மாஸ்களின் வித்து மிளகாய்த்தூள் போல, காற்றில் பறக்கும். இந்தக் குடும்பத்தின் வித்து அதன் பக்கத்தில் கடுகு. ஒரு காயில் சிலவே இருக்கும். பெரிதாக இருப்பதால் தூரம் போகாது. தாய் விழுந்த மண்ணிலேயே கிடந்து, நல்ல காலம் வரும்வரை காத்திருக்கும். காயும் விசித்திரமானது. மற்ற காய்களுக்கு மூடி உண்டு, மூடியைத் திறந்தால் பற்கள் உண்டு. இதற்கு இரண்டும் கிடையாது. உள்ளே மசாலா வைத்துப் பொரிக்கும் கறிப்பாப் மாதிரி சுற்றிலும் மூடியிருக்கும். தோல் இற்று உடைந்தால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும்.

இவ்வளவு தெரிந்தும் எனக்குக் காய் கிடைக்கவில்லை. ஒரு நாள் கூடக் காய விடாமல் பார்த்துக்கொண்டேன். பச்சை பச்சையாகவே இருந்தது. மொட்டு வைக்கவில்லை. கிறிஸ்மஸ் வாரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் ஏறியது. புத்தாண்டுக்குள் வழவழவென்று ஆகி முடிந்துவிட்டது. ஷாமினி பார்த்துவிட்டு, “அடுத்த உறைக்கு முயற்சி செய்வோம், டீச்சர்” என்றாள்.

இரண்டாம் உறையை அனுப்ப முடியுமா? நடந்தவற்றால் உங்கள் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்.

அன்புடன்
அமுதவள்ளி

*

காப்பார்
20.1.2024

டீச்சருக்கு,

“புண்பட்டிருந்தால்.” இருந்தால் வருத்தம், இல்லாட்டி வருத்தம் இல்ல. புள்ளைங்க இப்படிப் பதில் எழுதுனா நீங்க செவப்புப் பேனாவுல வட்டம் போடுவீங்க.

ரெண்டாவது உறை இருக்கு. அது எப்பக் காய்க்கும்னும் எனக்குத் தெரியும். மூணு வருசம் பாரிட் ஓரம் குந்தினவன் நான். ஆனா நீங்க அதைக் கேக்கவே இல்ல. மண்ணைக் கேட்டீங்க, படத்தைக் கேட்டீங்க. அது எப்படி வளந்துச்சு நாகையான்னு ஒரு வார்த்தை இல்ல. எனக்கே பாடம் நடத்திட்டீங்க. பாடம் நல்லாத்தான் இருந்துச்சு. கறிப்பாப் எனக்குப் புடிச்சிச்சு.

இப்ப நான் ஒரு கேள்வி கேக்குறேன். அந்தத் திங்கக்கிழமை சாயந்தரம் லேப்பைப் பூட்டுறதுக்கு முன்னாடி மைக்ரோஸ்கோப் எல்லாத்துக்கும் நான்தான் பிளாஸ்டிக் உறை போட்டேன். நான் எப்பவும் ஒரு ஓரத்தை மடிச்சு அடியில சொருகி வைப்பேன், காத்துல பறக்காம இருக்க. மறுநாள் காலையில மூணாம் நம்பர் மைக்ரோஸ்கோப்பு உறை சொருகாம நேரா தொங்குது. பக்கத்துல ஈரமா ஒரு ஸ்லைடு, கழுவி வச்சிருக்கு. சாவி ரெண்டு பேருகிட்டதான். எனக்கு, உங்களுக்கு.

ஏழு வருசமா இதை யார்கிட்டயும் சொல்லல. என் வீட்டுக்காரி உஷாராணிகிட்ட கூட சொல்லல. நீங்க அன்னிக்கு ஸ்லைடுல என்ன பாத்தீங்க, டீச்சர்?

அதுக்குப் பதில் வரட்டும். அப்புறம் உறை.

அல்கா

*

பிரிக்பீல்ட்ஸ்
6 பிப்ரவரி 2024

நாகையா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றிலும் எடுத்துக்காட்டுகள் அதிகமாக இருந்தன.

பார்த்தேன். கூட்டம் முடிந்து எல்லோரும் போனபின் ஆய்வகத்துக்கு வந்தேன். கூட்டத்தில் சொன்னது சரிதானா என்று உறுதி செய்துகொள்ளத்தான் வந்தேன். நூலை எடுத்து ஸ்லைடில் வைத்தேன். பாசி நூலாக இருந்தால் குறுக்குச் சுவர்கள் நேராக இருக்க வேண்டும், வாழைக்காயை வட்டமாக நறுக்கியதுபோல. நான் பார்த்ததில் பல இடங்களில் சுவர்கள் சாய்ந்திருந்தன, அதே வாழைக்காயைச் சாய்த்து நறுக்கியதுபோல. அது மாஸ் செடியின் நூல். எனக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

நாற்பது பேர் முன்னால் சொல்லி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மறுநாள் காலைக் கூட்டத்தில் எழுந்து, நான் தவறாகச் சொன்னேன், நாகையா சொன்னதுதான் சரி என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். தட்டு அங்கே இருக்கும்வரை அதைச் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே தட்டைக் கழுவினேன். அதிகாரிகள் வருவது வியாழக்கிழமை. அவசரம் எதுவும் இல்லை. நானே கழுவினேன், ப்ளீச் ஊற்றி. ஸ்லைடையும் கழுவினேன். உறையின் ஓரத்தைச் சொருக வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

அவர்கள் உங்களை அந்தப் பெயர் சொல்லி அழைத்தபோதெல்லாம் நான் அந்த அறையில் இருந்தேன். ஒருமுறைகூடத் தடுக்கவில்லை.

தவறு என்னுடையது. மன்னிக்க வேண்டும் என்று கேட்கிறேன். உறைக்காக இதை எழுதவில்லை. உறையை நீங்களே வைத்துக்கொள்ளலாம். ஷாமினியிடமும் இதைச் சொல்லிவிட்டேன். அன்று நாற்பது பேர் முன்னால் சொன்னது, ஒருவருக்கு மட்டும் எழுதினால் சரியாகாது என்பதும் தெரியும். அதை இன்று மாலைக்குள் செய்கிறேன்.

இன்னொன்று. அது எப்படி வளர்ந்தது, நாகையா?

அமுதவள்ளி

*

காப்பார்
17.2.2024

டீச்சருக்கு,

ரிட்டயரான டீச்சருங்க வாட்சாப் குரூப்புல நான் இல்ல. லேப் ஆளுங்களை அதுல சேக்கல. அதனால உங்க மெசேஜ் எனக்கு வரல. புதன்கிழமை கோப்பிக் கடைக்குப் போறேன், குகன் வழக்கம்போல கூப்பிடல. போனை என் பக்கம் தள்ளினாரு. மலாய்லயும் தமிழ்லயும் எழுதிருந்தீங்க. ஸ்லைடு கதை, தட்டுக் கதை, எல்லாம். ஒண்ணும் விடல.

குகன் ரொம்ப நேரம் கோப்பியைக் கலக்கிக்கிட்டே இருந்தாரு. சக்கரை போடாத கோப்பி. அப்புறம், “நாகையா, ரொட்டி சானாய் சாப்புடுறியா?”ன்னாரு. எட்டு வருசத்துல அவரு வாங்கித் தந்த மொத ரொட்டி. ரெண்டா சாப்பிட்டேன்.

எனக்குக் கோபம் போயிருச்சான்னு கேட்டா, முழுசா இல்ல. முக்காவாசி போயிருச்சு. சந்தேகப்பட்டுக்கிட்டே இருந்தது நின்னுபோச்சு. அதுவே பெரிய வேலை.

இப்பக் கேளுங்க. பாரிட்டுல தண்ணி நிக்கிறவரைக்கும் அது வெறும் பச்சைதான். நீங்க பண்ணுன மாதிரி நனைச்சுக்கிட்டே இருந்தா அதுக்கு என்ன அவசரம்? தண்ணி எறங்கி, சேறு வெடிக்கிறதுக்கு முன்னாடி, கால் வச்சா பதியும் ஆனா ஒட்டாது, அந்தப் பதம் வரும் பாருங்க, சப்பாத்தி மாவு மாதிரி. அப்பத்தான் மொட்டு வைக்கும், காய்க்கும். நான் பாத்த மூணு வருசமும் அப்படித்தான். காரணம் நீங்க படிச்சுச் சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவு: போகப் போறோம்னு தெரிஞ்சாதான் அது காய்க்குது.

அதனால பச்சை நல்லாப் புடிச்சதும் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமா நவத்துங்க. மொத நாள் ஒரு விரல். காயுறதைப் பாத்து பயந்துபோயி தண்ணி ஊத்திடாதீங்க. உங்களுக்கு அதுதான் கஷ்டம்.

ரெண்டாவது உறை இதோட இருக்கு. மூணாவது என்கிட்டயே இருக்கட்டும்.

நாகையா

*

பிரிக்பீல்ட்ஸ்
5 மே 2024

அன்புள்ள நாகையா,

காய்த்துவிட்டது.

பிப்ரவரி 24 அன்று நனைத்தேன். பச்சை நன்றாகப் பிடித்ததும், மார்ச் 20-இல் மூடியை ஒரு விரல் நகர்த்தினேன். அந்த வாரம் வெயில் தாங்க முடியவில்லை. மண்ணின் ஓரம் வெளுத்தது, கம்பளி சுருங்கியது, பழுப்பேறியது. தண்ணீர்க் குப்பியை மூன்று முறை கையில் எடுத்தேன். கடைசியில் குப்பியைக் கீழ்வீட்டு மாதவியிடம் கொடுத்து, நான் கேட்டாலும் தராதே என்றேன். இரண்டு நாள் கழித்துக் கேட்டேன். அவள் தரவில்லை. அதன்பின் மழைநீரைச் சொட்டுச் சொட்டாக, உங்கள் சப்பாத்திப் பதம் கெடாமல் மட்டும் விட்டேன்.

ஏப்ரல் 16 காலை, கைலென்ஸில், நூல்களுக்கு நடுவே ஐந்து மொட்டுகள். பத்து நாளில் ஒவ்வொன்றும் விரிந்து நாலைந்து ஈட்டி இலைகளாயின. தண்டு என்று சொல்ல ஒன்றுமில்லை. இப்போது நடுவில் உருண்டை, மண்ணில் உட்கார்ந்த மாதிரி. காம்பு இல்லை, மூடி இல்லை. உங்கள் பென்சில் படத்தை அருகில் வைத்துப் பார்த்தேன். இலைகளின் நுனி கொஞ்சம் வளைவதைக்கூட நீங்கள் வரைந்திருக்கிறீர்கள். நான் அதைக் காகிதத்தின் கசங்கல் என்று நினைத்திருந்தேன்.

ஷாமினி நேற்று வந்து பாதியை எடுத்துக் காயவைத்தாள். குடும்பம் எஃபிமெரேசியேதான் என்கிறாள். எந்த இனம் என்பதற்கு வித்துகளை அளந்து, வேறு நாட்டு மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும், ஆண்டுக்கணக்கில் ஆகலாம். அவசரப்பட்டுப் பெயர் சொல்ல வேண்டாம் என்று நானே சொன்னேன். சிரித்தாள்.

காய்ந்த செடியை வைத்த காப்பக உறையின் சீட்டில் எழுதியிருப்பது இது: “இடம்: காப்பார், செம்பனைத் தோட்டத்து வாய்க்கால் ஓரம். மண் எடுத்த ஆண்டு 2016. கண்டவர், எடுத்தவர்: நாகையா. வளர்த்த முறை: நாகையா சொன்னபடி.” கடைசி வரி வழக்கத்தில் இல்லையாம். நான் பிடிவாதம் பிடித்தேன்.

அன்புடன்
அமுதவள்ளி

*

காப்பார்
16.5.2024

டீச்சருக்கு,

சீட்டைப் படம் புடிச்சு ஷாமினி அனுப்புச்சு. உஷாராணி அதைப் பெருசாக்கிப் பாத்துட்டு, “இவ்வளவு சின்னப் பொருளுக்கா இத்தனை வருசம் முறைச்சுக்கிட்டுத் திரிஞ்சீங்க?”ன்னா. ஒன்றரை மில்லிமீட்டர்ன்னு சொன்னேன். தலையில அடிச்சுக்கிட்டா.

சீட்டுல ஒண்ணு கொறையுது. “வெறும் பாசின்னு சொன்னவர்: அமுதவள்ளி.” இடம் பத்தாதுன்னா விட்டுருங்க.

கோப்பிக் கடையில இப்பப் புதுத் தொல்லை. குகன் அதைத் தானும் பாக்கணுமாம். அவரு வீட்டுப் பின்னாடி, பூச்சட்டி ஓரம், மழை பேஞ்சா பச்சையா வருதாம். வாராவாரம் தேச்சுக் கழுவுறாராம். அந்தக் கழுவுற பழக்கம் உங்க ஸ்கூல்ல எல்லாருக்கும் இருக்கு போல. என்ன செய்யணும்னு என்னைக் கேட்டாரு. நான் சொன்னா நம்ப மாட்டாரு. பாடம் வேணாம், கறிப்பாப் வேணாம். ஒரே வரியில நீங்க எழுதிக் குடுங்க, கடைச் சுவத்துல ஒட்டிடுறேன்.

மூணாவது உறையை யாருக்கும் தரப் போறதில்ல. எங்க தாமான் கடைசியில சிமெண்ட் போடாத ஒரு ஓடை இருக்கு. ஆகஸ்ட்ல தண்ணி எறங்கும். நீங்க கம்யூட்டர் ரயில்ல கிள்ளான் வந்துட்டா நான் கார்ல வந்து கூட்டிக்கிறேன். குந்தி உக்கார முடியுமா உங்களால? முடியாட்டி நாற்காலி எடுத்துட்டு வரேன்.

நாகையா

*

பிரிக்பீல்ட்ஸ்
22 மே 2024

அன்புள்ள நாகையா,

குந்த முடியும். நாற்காலியை குகனுக்குக் கொண்டு வாருங்கள்.

நீங்கள் கேட்டது, சுவரில் ஒட்ட:

வெறும் மண் தெரிகிற இடத்தில் ஒரு கரண்டி மண் எடுத்து, மழைநீரால் நனைத்து, கண்ணாடியால் மூடிச் சன்னலோரம் வையுங்கள். பச்சை வந்தால் கழுவாதீர்கள்.

அமுதவள்ளி